அணு மேதை ஹோமி பாபா

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பாரத நாட்டு அறிவியல் வானில் சுடர்விட்ட விண்மீன்களுள் ஹோமி ஜஹாங்கீர் பாபாவும் ஒருவர். இயற்பியல் மாணவர்களாகிய நாம் அவர் பெயரைத் தேர்வுத்தாளில் எழுதுவதோடு நின்றுவிடுகிறோம். அவர் வகுத்த திட்டத்தின் வரவையும் செலவையும் தமிழகம் இன்றும் சுமப்பதால், அவர் வரலாற்றைச் சற்று விரித்து எழுத விழைகிறேன்.

1909 அக்டோபர் 30ஆம் நாள் பம்பாயில் வசதிமிக்க பார்சிக் குடும்பத்தில் பாபா பிறந்தார். மகன் பொறியாளராகி ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் சேரவேண்டும் என்பது தந்தையின் ஆசை. கேம்பிரிட்ஜ் சென்ற மகனுக்கோ கணிதத்தின்மேல் காதல். பொறியியலில் முதல் வகுப்புப் பெற்றால் கணிதம் படிக்கலாம் என்று தந்தை இசைந்தார். மகனும் 1930இல் பெற்றுக்காட்டினார். (எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எந்தப் பாடம் என்று தந்தையோடு வாதாடக் கிடைப்பதும் ஒரு செல்வம்தான்!)

எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதை அவர் கணக்கிட்டார். அது இன்றும் பாபா சிதறல் என்றே வழங்குகிறது. 1939இல் விடுமுறைக்கு வந்தவரைப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. பெங்களூரில் சர் சி.வி. ராமனின் துறையில் பணியாற்றினார். 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், 1948இல் அணுசக்தி ஆணையத் தலைமை, 1956 ஆகஸ்டு 4இல் இந்தியாவின் முதல் அணு உலை அப்சரா என அடுக்கடுக்காய்ச் சாதனைகள். ஓவியமும் தீட்டுவார். கட்டடத்துக்கு இடையூறான மரங்களை வெட்டவிடாமல், வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச்செய்தவர்.

நம்மிடம் யுரேனியம் குறைவு, தோரியம் மிகுதி. ஆகவே முதலில் யுரேனிய உலை, அதில் பிறக்கும் புளுட்டோனியத்தால் ஈனுலை, இறுதியில் மணவாளக்குறிச்சி, கேரளக் கடற்கரை மணலிலுள்ள தோரியம் என மூன்று படிகள் வகுத்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்குத் தொலைவிலுள்ள பகுதிகளில் அணுமின்சாரம் கட்டுப்படியாகும் என்பது அவர் வாதம். 1980க்குள் 8000 மெகாவாட் கிடைக்கும் என்பது திட்டம். அவ்வாண்டு பிறந்தபோது நாட்டில் ஓடியவை மூன்றே மின் உலைகள். ஆயிரம் மெகாவாட்டைக்கூட எட்டவில்லை.

எச்சரித்தவர் இல்லாமல் இல்லை. பாபாவே அழைத்து அமர்த்திய கணித மேதை டி.டி. கோசாம்பி, அணுமின்சாரம் ஏழை நாட்டுக்கு மிகுந்த செலவு, வெயிலைப் பயன்படுத்துவோம் என்றார். 1962இல் அவருடைய பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பாபாவின் வாழ்வில் என் மனம் ஒப்பாத இடம் இதுவே.

செலவு எது என்பதை எங்கள் வட்டாரத்தார்க்கு விளக்கத் தேவையில்லை. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் பதனிட்ட தோலுக்கு விலை உண்டு. அந்நியச் செலாவணி உண்டு. பாலாற்றுப் படுகையில் இறங்கிய கழிவுக்கோ ஏட்டில் இடமில்லை. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த பிறகே அச்செலவு ஏட்டில் ஏறியது. அணு உலைக் கழிவிலுள்ள புளுட்டோனியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் ஆகும். அத்தனைக் காலக் காவலுக்கு யூனிட்டுக்கு எத்தனை பைசா போடுவது?

1966 சனவரி 24ஆம் நாள் வியன்னா நோக்கிச் செல்கையில் பாபாவின் விமானம் மான்ட் பிளாங்க் மலையில் மோதியது. அதிலிருந்த 117 பேரும் மாண்டனர். சதி என்றொரு பேச்சு உண்டு, சான்று இல்லை. தாராப்பூர் மின்சாரம் தந்தது 1969இல்தான். அவர் அதைப் பார்க்கவில்லை.

கல்பாக்கத்தின் முதல் உலை 1984 முதல், கரிப்புகையின்றி மின்சாரம் வழங்கியது. 2003இல் அங்குள்ள மறுசுத்திகரிப்பு ஆலையில் ஊழியர் அறுவர் அளவு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். 2004 ஆழிப்பேரலையின்போது ஓடிய உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. பாபாவின் இரண்டாம் படியான பெரிய ஈனுலையை அங்கே 2004இல் கட்டத் தொடங்கினர். சுமார் 3,500 கோடி ரூபாயில் 2010இல் முடியும் என்றார்கள். செலவு இருமடங்கைத் தாண்டியது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி தொடங்கியதே 2024இல். மணவாளக்குறிச்சித் தோரியம் மூன்றாம் படிக்காக இன்னும் காத்துக் கிடக்கிறது.