கோடிக்கரையில் வலை விரித்த சலீம் அலி

ஆகஸ்டு மாதக் கடைசியில் பெங்களூரில் இருந்து வேளாங்கண்ணிக்குப் போகும் பஸ்களில் இடம் கிடைப்பது அரிது. சிவாஜிநகர், அல்சூர், ஆஸ்டின் டவுன் என்று எல்லாப் பக்கங்களில் இருந்தும் நம்மவர்கள் குடும்பம் குடும்பமாகப் புறப்படுவார்கள். 29-ந் தேதி கொடியேற்றம். செப்டம்பர் 8-ந் தேதி வரை திருவிழா.

அதே நாட்களில், அதே கடற்கரையில், சற்றுத் தெற்கே இன்னொரு கூட்டம் வந்து இறங்கிக் கொண்டிருக்கும். அதற்குப் பஸ்ஸும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவில் இருந்து பறந்து வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும்தான் அந்தக் கூட்டம். அவை இறங்கும் இடம் வேதாரண்யத்தை அடுத்த கோடிக்கரை.

இந்தப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எந்த வழியாக வருகின்றன, மறு ஆண்டும் அதே பறவைதான் வருகிறதா? இதைத் தெரிந்து கொள்ள, ஒவ்வொரு பறவையாகப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் வேலை கோடிக்கரையில் பல ஆண்டுகள் நடந்தது. அதற்குக் காரணமாக இருந்தவர் சலீம் அலி. பட்டம் இல்லாத, பல ஆண்டுகள் வேலையும் இல்லாத மனிதர் அவர்.

மஞ்சள் தொண்டைக் குருவி

சலீம் அலி 1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் தந்தை இறந்தார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜிதான் எடுத்து வளர்த்தார்.

மாமா வேட்டைப் பிரியர். பையனுக்கு ஒரு சிறு காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் பையன் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். எடுத்துப் பார்த்தால், வீட்டுக் கூரையில் கூடு கட்டும் குருவி போல அது இல்லை. தொண்டையில் மஞ்சள் பூசியது போல ஒரு புள்ளி. மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேட்கும்படி அனுப்பி வைத்தார்.

அங்கே செயலாளராக இருந்த மில்லர்டு என்ற வெள்ளைக்காரர் பையனை விரட்டவில்லை. உட்காரவைத்து, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். பிற்காலத்தில் அதே கழகத்தைத் தாங்கி நிறுத்தியவர் அந்தப் பையன்தான்.

லாகரிதம் பயமுறுத்தியது

படிப்பு சரியாக ஏறவில்லை. தலைவலி வேறு அடிக்கடி வாட்டியது. கல்லூரியில் சேர்ந்ததும் கணக்கும் லாகரிதமும் பயமுறுத்தின. 1914-ல் பர்மாவுக்குப் புறப்பட்டு விட்டார். டவாயில் குடும்பத்தாருக்கு உல்ஃப்ரம் சுரங்கமும் மர வியாபாரமும் இருந்தன. வியாபாரத்தைக் கவனிக்கப் போனவர் காட்டில் பறவைகளைக் கவனித்தார். வியாபாரம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பம்பாய் திரும்பி வணிகமும் விலங்கியலும் கொஞ்சம் படித்தார். 1918-ல் தெஹ்மினாவை மணந்தார். அரசாங்க விலங்கியல் துறையில் பறவை நிபுணர் வேலை ஒன்று இருந்தது. பட்டம் இல்லாததால் அது கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் மியூசியத்தில், வருபவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 350 ரூபாய். அந்தக் காலத்தில் நல்ல சம்பளம்.

ஆனால் தனக்குத் தெரிந்தது போதாது என்று அவர் நினைத்தார். 1928-ல் லீவு போட்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லினில் ஸ்டிரெஸ்மான் என்ற பேரறிஞரிடம் பயின்றார். வடகடலில் உள்ள ஹெலிகோலாண்டு என்ற சிறு தீவில், வலசை வரும் பறவைகளைப் பிடித்து வளையம் மாட்டும் நிலையம் ஒன்று உண்டு. அங்கேயும் போய் வேலை கற்றுக் கொண்டார்.

1930-ல் ஊர் திரும்பினால், நாற்காலி இல்லை. பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்து விட்டார்கள்.

கிகிம் கடற்கரை

கையில் குடும்பம், பையில் காசு இல்லை. கணவனும் மனைவியும் பம்பாய்க்குத் தெற்கே கடலோரம் உள்ள கிகிம் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்கள். வேலை தேடி அலைந்து கிடைக்காமல், மாலையில் அறைக்குத் திரும்பி விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த நிலையில் இவர் செய்தது என்ன?

வீட்டருகே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. தினமும் போய் உட்கார்ந்து பார்த்தார். பார்த்ததை எல்லாம் நேரத்தோடு எழுதினார். ஒரு நாள் விடாமல் மழைக்காலம் முழுவதும் எழுதினார். அதில்தான் ரகசியம் வெளிப்பட்டது. ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து சோதிக்கிறது. பிடித்திருந்தால் தங்குகிறது, பிடிக்காவிட்டால் போய்விடுகிறது. பெண் தங்கிய பிறகே ஆண் மீதிக் கூட்டை முடிக்கிறது. முடித்த கையோடு வேறொரு கூட்டை ஆரம்பித்து, இன்னொரு பெண்ணுக்குக் காத்திருக்கிறது! நம் ஊரில் எத்தனை தலைமுறையாகத் தூக்கணாங்கூட்டைப் பார்த்திருக்கிறோம். இதை யாரும் கவனித்து எழுதி வைக்கவில்லை.

1931-ல் அந்தக் கட்டுரை வெளியானது. சலீம் அலியின் பெயர் வெளிநாடு வரை போயிற்று. வேலை மட்டும் வரவில்லை.

மைசூரில்

அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சம்பளம் வேண்டாம், போக்குவரத்து, முகாம் செலவை மட்டும் கொடுத்தால் உங்கள் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்று ஒவ்வொரு சமஸ்தானமாகக் கேட்டார். முதலில் ஐதராபாத். 1933-ல் திருவாங்கூரும் கொச்சியும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவாங்கூரில்தான் இருந்தது. தெஹ்மினா நகரத்து வசதிகளை விட்டுவிட்டு, கூடாரத்திலும் மாட்டு வண்டிப் பாதையிலும் கணவருக்குத் துணையாக நின்றார்.

1939-ல் ஒரு சிறு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா இறந்து போனார். சலீம் அலிக்கு அப்போது 42 வயது. பிறகு அவர் மறுமணம் செய்து கொள்ளவில்லை. அக்கா வீட்டில் தங்கி மீதி நாட்களைக் கழித்தார்.

அந்தத் துயரத்தை அடுத்துத்தான் 1939-40-ல் மைசூர் சமஸ்தானக் கணக்கெடுப்பு நடந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே காவிரி நடுவில் உள்ள திட்டுகளில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுவதை அவர் பார்த்தார். அதைக் காப்பாற்ற வேண்டும் என்று மகாராஜாவிடம் எடுத்துச் சொன்னார். 1940-ல் அந்த இடம் சரணாலயம் ஆயிற்று. மைசூருக்கு ஒரு நாள் சுற்றுலா போகும்போது படகில் ஏறி முதலையையும் கொக்கையும் பார்க்கிறோமே, அந்த ரங்கனதிட்டுதான் அது. அங்கிருந்து வரும் காவிரியின் டெல்டாவுக்குத் தென்கோடியில்தான் கோடிக்கரை இருக்கிறது. அங்கே அவர் வருவதற்கு இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

குரங்குக் காய்ச்சல்

அவரைக் கோடிக்கரைப் பக்கம் திருப்பியதிலும் கர்நாடகத்துக்குப் பங்கு உண்டு. 1957-ல் சிமோகா மாவட்டம் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பிறகு மனிதர்களுக்கும் காய்ச்சல் கண்டது. உண்ணி கடித்துப் பரவும் நோய் என்று தெரிந்தது. ரஷியாவில் உள்ள ஒரு நோயின் கிருமிக்கு இது உறவு என்றும் தெரிந்தது. அப்படியானால் சைபீரியாவில் இருந்து வரும் பறவைகள்தான் உண்ணியைச் சுமந்து வந்தனவா?

விடை காண உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. பம்பாய் கழகத்தின் மூலம் சலீம் அலி வேலையை ஏற்றுக் கொண்டார். ஹெலிகோலாண்டில் கற்றதை இந்தியாவில் பெரிய அளவில் செய்ய, 30 ஆண்டுகள் கழித்து வாய்ப்பு வந்தது. பறவைகள்தான் காய்ச்சலைக் கொண்டு வந்தன என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் வலசைப் பறவைகளைப் பற்றிய கணக்கு நாட்டில் முதல் தடவையாக வரிசையாகச் சேரத் தொடங்கியது.

ஆவணி மாதத்துக் கூட்டம்

1962-ல் கோடிக்கரையைப் பார்த்த சலீம் அலி, வலசைப் பறவைகளுக்கு அது எவ்வளவு முக்கியமான இடம் என்பதைக் கண்டு கொண்டார். ஒரு பக்கம் வங்கக் கடல், ஒரு பக்கம் பாக் ஜலசந்தி. நடுவில் முட்காடு, சேற்று நிலம், உப்பளம். 1930-ல் ராஜாஜி தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு எடுத்தாரே, அந்த வேதாரண்யத்து மண்தான். (ராஜாஜி நம் ஓசூர்ப் பக்கத்தவர், படித்தது பெங்களூர் சென்டிரல் கல்லூரி.)

வடக்கே கோடை முடியும்போதே, ஆடிக் கடைசி, ஆவணியில் முதல் கூட்டம் இறங்கி விடும். கொசு உள்ளான் என்று ஒரு பறவை. எடை சுமார் 25 கிராம். ஒரு பலம் கூட இல்லை. வளைமூக்கு உள்ளான் அதைவிடச் சற்றுப் பெரிது. இவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடதுருவத்து ஈரநிலங்களில். பெரிய பறவைகள் முதலில் கிளம்பி விடுகின்றன. அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் சில வாரம் கழித்துப் புறப்படுகின்றன. வழி காட்டத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. முன்பின் பார்த்திராத ஊருக்கு, ஆயிரக்கணக்கான மைல், தானாக வந்து சேருகின்றன.

முகாமில் வேலை பொழுது விடியுமுன் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல் வலைகளைக் கட்டுவார்கள். கடற்கரைப் பறவைகளுக்கு நிலா இல்லாத இருட்டுதான் வசதி என்பதால் இரவிலும் வலை விரிப்பார்கள். வலை போடுவதற்குப் பீகாரில் இருந்து மீர்ஷிகார்கள் வந்தார்கள். பரம்பரையாகப் பறவை பிடித்துப் பிழைத்தவர்கள். பிடித்து விற்ற கைகளுக்கு, பிடித்து விடுவிக்கும் வேலையைச் சலீம் அலியின் கழகம் கொடுத்தது. சிக்கிய பறவையை இறகு முறியாமல் எடுத்துத் துணிப்பையில் போடுவார்கள். இறக்கையை அளப்பார்கள், எடை போடுவார்கள், இறகு உதிர்ந்து முளைப்பதைக் குறிப்பார்கள். காலில் எண் பொறித்த அலுமினிய வளையத்தை மாட்டிப் பறக்கவிடுவார்கள். எண்ணைப் பேரேட்டில் எழுதுவார்கள். மறுநாளும் இதேதான்.

குமாஸ்தா வேலை என்றே சொல்லலாம். லெட்ஜர் எழுதுபவர்களுக்குத் தெரியும், ஒரு நாள் பதிவு விட்டுப் போனால் அது விட்டதுதான். சலீம் அலியும் அப்படித்தான் நினைத்தார். தம் குறிப்பேட்டை அவர் என்றும் விட்டதில்லை.

1967-ல் கோடிக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

ஒற்றர் வேலையா?

1970-களில் ஒரு புயல் கிளம்பியது. வளையத் திட்டத்துக்குப் பின்னாளில் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த ஓர் அமைப்பின் பணமும் வந்திருந்தது. பறவைகள் மூலம் கிருமிப் போர் நடத்த ஒத்திகையா என்று பத்திரிகைகள் கேட்டன. விஷயம் நாடாளுமன்றக் குழு வரை போனது. சலீம் அலி குற்றச்சாட்டை மறுத்தார். வேலை பகிரங்கமாகத்தான் நடந்தது என்பது அவர் கட்சி. பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் அவர் இன்னும் உஷாராக இருந்திருக்கலாம் என்பது நம் எண்ணம். ஆனால் அவர் தமக்கென்று சேர்த்தவர் அல்ல. அமெரிக்க கெட்டி பரிசு 50 ஆயிரம் டாலர் கிடைத்தபோது, அதைக் கழகத்துக்கே கொடுத்து விட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் துப்பாக்கி தொடாத மகான் அல்ல. ஆராய்ச்சிக்காக ஏராளமான பறவைகளைச் சுட்டவர். மோட்டார் சைக்கிள் பைத்தியமும் உண்டு. 1950-ல் சுவீடனில் நடந்த மாநாட்டுக்குத் தம் சன்பீம் வண்டியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு போனார்.

முதுமையில்தான் பெரிய வேலை முடிந்தது. அமெரிக்கர் டில்லன் ரிப்ளேயுடன் சேர்ந்து இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகளைப் பற்றி 10 பாகங்கள் எழுதினார். 1968-ல் முதல் பாகம் வந்தபோது அவருக்கு 71 வயது. 1974-ல் கடைசிப் பாகம் வந்தது. பத்மவிபூஷண் 1976-ல் கிடைத்தது. 1985-ல் ராஜ்யசபா நியமன உறுப்பினர் ஆனார். 1987-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி பம்பாயில் காலமானார். 1990-ல் கோவையில் தொடங்கப்பட்ட பறவை ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இப்போது கோடிக்கரை

பூநாரைகள் இன்றும் வருகின்றன. ஆனால் கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் கூட்டம் 1980-களில் இருந்தது போல இல்லை. காவிரி நன்னீர் வரத்துக் குறைந்தது, ஆலை உப்பளங்கள் பெருகித் தண்ணீரின் உப்பு ஏறியது ஆகியவற்றைக் காரணங்களாகச் சொல்கிறார்கள். குறைந்து விட்டது என்று எப்படித் தெரியும்? அன்று நாள்தோறும் எழுதிய பேரேடு இருக்கிறது. அதோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் தெரிந்தது. உலகத்திலேயே சில நூறுதான் மிஞ்சியிருக்கும் கரண்டி அலகு உள்ளானும் ஒரு காலத்தில் கோடிக்கரை வலையில் விழுந்து வளையம் பெற்றிருக்கிறது.

வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாக லீவு எடுக்க முடிந்தால், வேதாரண்யம் போய் அங்கிருந்து கோடிக்கரைக்குப் பஸ் பிடிக்கலாம். தூரம் சுமார் 10 கிலோமீட்டர். காலை வெயில் ஏறுமுன் உப்பளத்து ஓரம் நின்றால் போதும். செத்துக் கிடக்கும் பறவையின் காலில் வளையம் கண்டால் எறிந்து விட வேண்டாம். எண்ணைத் தவறில்லாமல் குறித்து, இடத்தையும் தேதியையும் எழுதி, வளையத்தில் பெயர் பொறித்திருக்கும் பம்பாய் கழகத்துக்குத் தெரிவித்தால், அந்தப் பறவை எங்கே, எப்போது வளையம் பெற்றது என்பதைப் பேரேட்டில் தேடிக் கண்டுபிடிப்பார்கள்.