தூசியை உறிஞ்சி எடுக்கக் கற்றுத் தந்தவர்

வரவேற்பறையில் கம்பளம் விரித்திருக்கும் வீடுகளில் வேக்குவம் கிளீனர் இன்று மிக்ஸி, கிரைண்டர் போல ஒரு சாதாரண சாமான். ஆனால் அதை உருவாக்கியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் ஹியூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். கம்பளத்தைச் சுத்தம் செய்வதாக நினைத்து நாம் இன்றும் செய்துவரும் ஒரு தவறு, அவருடைய வாழ்க்கையைப் படித்தாலே விளங்கிவிடும். அதனால்தான் இந்த இதழில் அவரைப் பற்றி எழுதுகிறோம்.

ராட்டினம் கட்டிய பொறியாளர்

பூத் 1871 ஜூலை 4 அன்று இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை மர வியாபாரி. உள்ளூரில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு 1889-ல் லண்டன் சென்று, ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் மூன்றாண்டுகள் பொறியியல் படித்தார். 1892 டிசம்பரில் கப்பல் எஞ்சின்களுக்குப் பேர்போன ஒரு லண்டன் நிறுவனத்தில் வரைபடம் தயாரிப்பவராகச் சேர்ந்தார். போர்க்கப்பல் எஞ்சின்களின் வடிவமைப்பில் வேலை செய்தார். பிறகு அந்த நிறுவனம் அவரைப் பெரிய ராட்டினங்கள் கட்டும் வேலைக்கு அனுப்பியது. பிளாக்பூல், வியன்னா, பாரிஸ் ஆகிய நகரங்களில் எழுந்த ராட்டினங்களில் அவருக்குப் பங்கு உண்டு. 1897-ல் வியன்னாவில் கட்டப்பட்ட ராட்டினம் சுமார் 65 மீட்டர் உயரம் கொண்டது. இரண்டாம் உலகப் போரில் எரிந்து, பின்னர் சீரமைக்கப்பட்டு, இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாலமும் ராட்டினமும் கட்டிக்கொண்டிருந்த இவர் வீட்டுத் தூசியின் பக்கம் திரும்பியது தற்செயல்தான்.

அந்தக் காலக் கம்பளங்கள்

அன்றைய இங்கிலாந்தில் வசதியான வீடுகளின் தரையெங்கும் கம்பளம். குளிர் நாடு என்பதால் அது அலங்காரம் மட்டுமல்ல, அவசியமும்கூட. அதைச் சுத்தமாக வைப்பதுதான் பெரும்பாடு. வேலைக்காரப் பெண்கள் ஈரமான தேயிலைச் சக்கையைக் கம்பளத்தின் மேல் தூவி, தூசி அதில் ஒட்டியதும் துடைப்பத்தால் கூட்டி எடுப்பார்கள். அடியில் இறங்கிய தூசிக்கு அது போதாது. எனவே வருடத்துக்கு ஓரிரு முறை மேசை நாற்காலிகளை நகர்த்தி, கம்பளத்தைச் சுருட்டி வெளியே தூக்கிப்போய்க் கொடியில் தொங்கவிட்டு, பிரம்பால் அடி அடியென்று அடிப்பார்கள். அடித்தவர்களின் மூக்கிலும் நுரையீரலிலும் பாதித் தூசி போய்ச் சேரும். மீதி பக்கத்து வீட்டுக்கு.

கையால் இயக்கும் உறிஞ்சு கருவிகள் சில அமெரிக்காவில் அதற்கு முன்பே வந்திருந்தன. கையால் சுழற்றிக் கிடைக்கும் விசை கம்பளத்தின் அடிவரை எட்டவில்லை.

ஊதுவதா, உறிஞ்சுவதா?

1901-ல் லண்டனில் உள்ள எம்பயர் அரங்கில் ஒரு புதிய இயந்திரத்தைச் செய்துகாட்டினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த அந்த இயந்திரம் அழுத்தமான காற்றை ஊதித் தூசியைக் கிளப்பிவிடும். கிளம்பிய தூசியில் கொஞ்சம் பெட்டிக்குள் விழும். மற்றது அறையைச் சுற்றி வந்து மறுபடியும் அங்கேயே படியும். பார்த்துக்கொண்டிருந்த பூத், ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று கேட்டார். இயந்திரத்தைக் கொண்டுவந்தவர் அது நடக்காத காரியம் என்று எரிச்சலுடன் பதில் சொல்லிவிட்டார்.

பூத் அத்துடன் விடவில்லை. சில நாட்கள் யோசித்தார். விக்டோரியா தெருவில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருந்தபோது, அங்கிருந்த வெல்வெட் போன்ற இருக்கையில் வாயை வைத்து பலமாக உறிஞ்சிப் பார்த்தார். தூசி தொண்டையில் ஏறி மூச்சுத் திணறியது. ஆனால் தம் எண்ணம் சரி என்பது உறுதியாகிவிட்டது. வாய்க்கு முன்னால் கைக்குட்டையைப் பிடித்து உறிஞ்சியபோது துணியின் ஒரு பக்கத்தில் தூசி கரும்புள்ளியாக நின்றது. காற்று துணி வழியே போகும், தூசி போகாது. இன்றுள்ள எல்லா வேக்குவம் கிளீனர்களிலும் இருக்கும் வடிகட்டியின் தத்துவம் இவ்வளவுதான். 1901 ஆகஸ்ட் 30 அன்று அதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்.

குதிரை வண்டியில் வந்த இயந்திரம்

அவருடைய முதல் இயந்திரம் வீட்டுக்குள் நுழையாது. பெட்ரோல் எஞ்சினும் பம்பும் வடிகட்டியும் சேர்ந்து ஒரு குதிரை வண்டி முழுவதையும் அடைத்துக்கொண்டன. வண்டி தெருவில் நிற்கும். சீருடை அணிந்த ஆட்கள் நீளமான குழாய்களை ஜன்னல் வழியே உள்ளே கொண்டுபோய்க் கம்பளங்களைச் சுத்தம் செய்வார்கள். பூத் இயந்திரத்தை விற்கவில்லை; சுத்தம் செய்யும் சேவையை விற்றார். உள்ளே ஓடும் அழுக்கு கண்ணுக்குத் தெரியும்படி கண்ணாடிக் குழாய்களும் பொருத்தப்பட்டன. பணக்கார வீட்டுப் பெண்மணிகள் தோழிகளைத் தேநீர் விருந்துக்கு அழைத்து இதை வேடிக்கை காட்டினார்கள். தெருவில் போன குதிரைகள் சத்தத்தில் மிரண்டதால் வாடகை வண்டிக்காரர்கள் வழக்குப் போட்டதும் உண்டு.

1902-ல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு முன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளங்களைச் சுத்தம் செய்யும் வேலை பூத்துக்குக் கிடைத்தது. அதற்குப்பின் பக்கிங்காம் அரண்மனைக்கும் விண்ட்சர் கோட்டைக்கும் இயந்திரங்கள் வாங்கப்பட்டன. பெயர் ஊரெங்கும் பரவியது.

தூசியும் நோயும்

முதல் உலகப் போரின்போது லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கட்டடத்தில் கடற்படை வீரர்கள் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே மூளைக்காய்ச்சல் பரவிப் பலர் விழுந்தார்கள். மருத்துவர்கள் பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த தூசியின் மேல் சந்தேகப்பட்டார்கள். பூத்தின் 15 இயந்திரங்கள் வரவழைக்கப்பட்டுத் தரை, சுவர், படிக்கட்டு, உத்தரம் என்று ஓர் இடம் விடாமல் உறிஞ்சின. வெளியே எடுத்த தூசி 26 டன். அதன்பின் நோய் அடங்கியது. தூசியை அகற்றுவது அழகுக்காக மட்டுமல்ல, ஆரோக்கியத்துக்காகவும் என்பதைப் பொதுமக்கள் அப்போது கண்கூடாகப் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் ஓர் ஆளே தள்ளிக்கொண்டு போகக்கூடிய சிறிய இயந்திரத்தால் புகழ் பெற்றவர்கள் வேறு சிலர். அமெரிக்காவின் ஓஹயோவில் துப்புரவுப் பணி செய்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர், கூட்டும்போது கிளம்பும் தூசியால் ஆஸ்துமா அதிகமாகி அவதிப்பட்டவர். அவர் செய்த மின்சாரக் கருவிக்கு 1908-ல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கித் தயாரித்தவர் ஹூவர். அந்தப் பெயரே பிறகு வேக்குவம் கிளீனருக்கு மறுபெயர் ஆகிவிட்டது. பூத்தின் நிறுவனம் தொழிற்சாலைகளுக்கான பெரிய இயந்திரங்களிலும் நிலைத்து நின்றது. அவர் 1955 ஜனவரி 14 அன்று, 83-வது வயதில், குராய்டனில் காலமானார்.

நம் குடியிருப்புக்கு இதில் என்ன?

பூத் கேட்ட கேள்வி இன்று நம் பால்கனிகளுக்கும் பொருந்தும். மூன்றாம் மாடியில் கம்பளத்தை உதறினால் தூசி ஒழிவதில்லை. இரண்டாம் மாடியில் காயும் துணி மேலும், முதல் மாடியில் வீசிங்கால் அவதிப்படும் குழந்தையின் அறையிலும் இறங்குகிறது. எனவே சில வேண்டுகோள்கள்:

- கம்பளம், கால்மிதி எதையும் பால்கனியிலோ படிக்கட்டிலோ உதற வேண்டாம். தட்டித்தான் ஆகவேண்டும் என்றால் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், துணி காயாத நேரத்தில் தட்டுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.
- வாரம் ஒருமுறையாவது வேக்குவம் போடுங்கள். இழைகளின் அடியில் தங்கும் மணல், நடக்க நடக்க இழைகளை அறுக்கும். வேகமாக இழுக்காமல், நெடுக்கும் குறுக்குமாக மெதுவாகத் தள்ளினால்தான் அடித்தூசி வரும்.
- அவ்வப்போது புரட்டிப் போட்டு அடிப்பக்கத்தையும் உறிஞ்சுங்கள். ஓரத்துக் குஞ்சங்களின் மேல் சுழலும் பிரஷ்ஷை ஓட்டாதீர்கள்.
- தூசிப் பை நிறைந்தால் உறிஞ்சும் விசை குறையும். நிறையும் முன் எடுத்து, கவரில் கட்டிக் குப்பையில் சேருங்கள்.
- காபி, குழம்பு சிந்தினால் தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கம்பளிக் கம்பளத்துக்கு வெந்நீர் வேண்டாம், சுருங்கிவிடும்.

வேக்குவம் கிளீனர் இல்லாத வீடுகள் பக்கத்து வீட்டில் இரவல் கேட்கத் தயங்க வேண்டாம். இருப்பவர்களும் கொடுக்கத் தயங்க வேண்டாம். பூத்தின் முதல் இயந்திரமும் ஒன்றே பல வீடுகளுக்குப் போய் வந்ததுதான்.