சத்திரத்துச் சோறும் பன்னீர்செல்வமும்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, அதிராம்பட்டினத்தை அடுத்துக் கடற்கரைச் சாலையில் இராசாமடம் என்றோர் ஊர் உண்டு. பட்டுக்கோட்டைக்கு வடக்கே, தஞ்சாவூர் செல்லும் வழியில் ஒரத்தநாடு இருக்கிறது. இவ்விரண்டு ஊர்களையும் இணைக்கும் செய்தி ஒன்று வரலாற்றில் இருக்கிறது. தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பயணிகளுக்காகச் சாலையோரங்களில் சத்திரங்களைக் கட்டினர். அவற்றுக்கு நிலங்களையும் எழுதிவைத்தனர். இராசாமடத்திலும் ஒரத்தநாட்டிலும் அத்தகைய சத்திரங்கள் இருந்தன. இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முத்தாம்பாளின் நினைவாக எழுப்பிய ஒரத்தநாட்டுச் சத்திரம், யானைகளும் குதிரைகளும் இழுக்கும் தேரைப் போன்ற அடித்தளச் சிற்பங்களுக்காக இன்றும் பேசப்படுகிறது. நாம் இங்குக் காணவிருப்பது சிற்பங்களைப் பற்றியன்று. சத்திரத்து அடுப்பில் வெந்த சோறு யாருக்கு உரியது என்ற வினாவைப் பற்றியும், அவ்வினாவுக்கு விடைகண்ட ஒருவரின் வாழ்க்கையைப் பற்றியுமே ஆகும்.

மன்னரின் மடல்

தஞ்சை அரசின் நிருவாகத்தை ஆங்கிலேயர் கைக்கொண்ட காலத்தில், சத்திரங்களின் அறம் தடைபட்டுவிடுமோ என்று சரபோஜி அஞ்சினார். 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு அவர் எழுதிய மடல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தணர் முதல் தாழ்த்தப்பட்டோர் ஈறாக வழிப்போக்கர் அனைவருக்கும், பல சமயத் துறவிகளுக்கும், விலக்கின்றி உணவளிக்கப்படுவதாக அவர் அதில் தெரிவிக்கிறார். சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர் அரிசியும் மளிகைப்பொருள்களும் பெற்றுத் தாமே சமைத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரோ என்று கூவி அழைத்துச் சோறிடும் வழக்கமும் இருந்தது. சத்திரங்களை ஒட்டி ஆசிரியரும் மருத்துவரும் இருந்தனர்; பயிலும் பிள்ளைகளுக்கும் அங்கேயே உணவு.

இம்மடலில் நாம் ஊன்றிப் பார்க்கவேண்டிய கருத்து ஒன்று உள்ளது. உண்பவரின் விருப்பத்திற்கு அங்கு இடம் இருந்தது. வெந்த சோறா, வேகாத அரிசியா என்பதைப் பசித்தவரே முடிவு செய்தார். அவ்விருப்பத்திற்குப் பின்னாலும் சாதி இருந்தது என்பது உண்மைதான். ஒருவர் சமைத்ததை மற்றொருவர் உண்ணாத காலம் அது. ஆயினும் அறத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்திருந்தது.

1855இல் தஞ்சை மராத்திய மரபின் ஆட்சி முற்றுப்பெற்றது. சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் ஆங்கிலேய அரசின் கைக்குச் சென்று, பின்னர் ஜில்லா போர்டு எனப்பட்ட மாவட்டக் கழகத்தின் பொறுப்பில் வந்து சேர்ந்தன. புகைவண்டி வந்தபின் கால்நடையாகச் செல்லும் பயணிகள் குறைந்தனர். சத்திர வருவாயில் பள்ளிகளும் விடுதிகளும் நடந்தன. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் இலவசமாகத் தங்கி உண்டு படித்தவர்கள் பார்ப்பன மாணவர்களே. நிலத்தை உழுதவர் ஒருவர். அந்நெல்லில் சமைத்த சோற்றுக்கு உரியவர் வேறொருவர் என்ற நிலை உருவாயிற்று. அறத்தை ஏற்படுத்தியவரின் எழுத்தில் இல்லாத எல்லைக்கோடு நடைமுறையில் முளைத்துவிட்டது. நடைமுறை நீண்டு நிலைத்தால் அதுவே விதியென்று நம்பப்படுவது உலகியல்பு.

நெல்லுச்சோறு

இந்த விலக்கின் கடுமையை உணரப் பட்டுக்கோட்டை வட்டாரத்தின் அன்றைய நிலையை நினைத்துப் பார்க்கவேண்டும். காவிரிப் படுகை என்றவுடன் பச்சை வயல் நம் கண்முன் தோன்றுகிறது. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணிப் பகுதிகளுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த கல்லணைக் கால்வாயோ, மேட்டூர் அணை நிறைவுற்ற 1934ஆம் ஆண்டை ஒட்டியே பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு இவ்வட்டாரத்தின் பெரும்பகுதி வானத்தையும் ஏரியையும் நம்பியிருந்த மேட்டு நிலம். கேழ்வரகும் கம்பும் வரகும் அன்றாட உணவாயின. நெல்லுச்சோறு நல்லநாள் உணவாயிற்று. பத்துக் கல் தொலைவு நடந்துவந்து படிக்க விரும்பும் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு, நாள்தோறும் இருவேளைச் சோறு கிடைக்குமா என்பதே படிப்பைத் தொடரலாமா என்பதை முடிவு செய்தது. பள்ளிக் கட்டணத்தை எப்படியோ திரட்டிவிட்ட பெற்றோரும், வெளியூரில் பிள்ளை உண்பதற்கு வழியின்றிப் படிப்பை நிறுத்தினர். ஆகவே, சத்திரத்துச் சோற்றை மறுப்பது கல்வியையே மறுப்பதாயிற்று.

தலைவர் உருவாகிறார்

ஏ.டி. பன்னீர்செல்வம் 1888ஆம் ஆண்டு சூன் முதல் நாள், அன்றைய தஞ்சை மாவட்டத்தில் செல்வபுரம் என்னும் ஊரில், வளமான கத்தோலிக்கக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று பாரிஸ்டராகத் திரும்பினார். தஞ்சையில் வழக்குரைஞராக இருந்துகொண்டே பொதுப்பணியில் ஈடுபட்டார். தஞ்சை நகராட்சித் தலைவரானார். நீதிக்கட்சியின் முன்னணியினருள் ஒருவராக வளர்ந்தார். பசியை நேரில் அறிந்தவர் அல்லர். செல்வக்குடியில் பிறந்து, வெளிநாட்டில் படித்தவர் பிறர் பசியின் காரணத்தை ஆவணங்களில் தேடிக் கண்டார் என்பதே இவர் வாழ்வின் தனிச்சிறப்பு.

1924இல் அவர் தஞ்சை மாவட்டக் கழகத்தின் தலைவரானார். அன்றைய மாவட்டக் கழகம் சாலை, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றைப் பேணிவந்தது. தஞ்சைக்கு மட்டும் சத்திரங்கள் என்ற கூடுதல் செல்வம் இருந்தது. அறநிலங்களின் வருவாய் எவ்வளவு, அது எங்குச் செல்கிறது, யார் உண்கிறார் என்ற கணக்கை அவர் பார்த்தார். கணக்கைப் பார்த்தபின் முடிவெடுக்க அவருக்கு நெடுநாள் தேவைப்படவில்லை. ஒரத்தநாட்டு விடுதியும் இராசாமடத்து விடுதியும் பிற வகுப்பு மாணவர்களுக்கும் திறக்கப்பட்டன. ஏழை மாணவர்கள் சாதி வேறுபாடின்றி இலவசமாகத் தங்கவும் உண்ணவும் படிக்கவும் வழி பிறந்தது.

இதனைக் கொடை என்று சொல்வது பொருந்தாது. பன்னீர்செல்வம் தம் கைப்பொருளிலிருந்து ஒரு மரக்கால் நெல்லும் அளந்து கொடுக்கவில்லை. அனைவருக்கும் உரிய நெல்லை அனைவருக்கும் கிடைக்கச் செய்தார். கொடையைப் பெறுபவர் தலைதாழ்ந்து நிற்க நேரிடலாம். தமக்கு உரியதைப் பெறும் மாணவர் நிமிர்ந்து அமர்ந்து உண்ணலாம். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் இருந்த உள்ளாட்சி மன்றம், தம் மண்ணின் விளைச்சல் எவ்வாறு பகிரப்படவேண்டும் என்று தானே முடிவு செய்தது. நாடு தன்னாட்சி பெறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மாவட்டத்தின் சமையற்கட்டில் அதன் ஒரு கூறு நடைமுறைக்கு வந்துவிட்டது.

திருவையாறு

சத்திர நிதியில் நடந்த மற்றொரு நிறுவனம் திருவையாற்று வடமொழிக் கல்லூரி. காவிரிக் கரையில் இருந்த அக்கல்லூரியில் வடமொழி பயிலும் மாணவர்க்கு உணவும் உறைவிடமும் கிடைத்தன. தமிழ் பயில விரும்புவோர்க்கு அங்கு இடமில்லை. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முதல் தலைவரும் உள்ளாட்சிப் பணியில் ஈடுபட்டிருந்தவருமான தமிழவேள் உமாமகேசுவரனார், இந்நிலையை மாற்றவேண்டும் என்று விரும்பினார். அறத்தின் ஆவணங்கள் ஆராயப்பட்டன. கல்விக்கென்று எழுதப்பட்ட அறம் வடமொழிக்கு மட்டும் உரியதென்று கொள்ள இடமில்லை என்பது தெளிவாயிற்று. அதன்பின் அங்குத் தமிழ் வித்துவான் வகுப்புத் தொடங்கியது. கல்லூரியும் அரசர் கல்லூரி என்று வழங்கலாயிற்று. தமிழ்ப் புலமைக்கு வாய்ப்பற்ற ஏழைக் குடும்பத்து இளைஞர் பலர் அங்குப் பயின்று தமிழாசிரியர் ஆயினர். தமிழ்ப் பாடநூலைப் படிக்கும் நாம் இதனை நன்றியோடு எண்ணலாம்.

அதே ஆண்டுகளில்

தஞ்சையில் இம்மாற்றங்கள் நிகழ்ந்த அதே காலத்தில், தெற்கே தாமிரபரணிக் கரையில் உணவுப் பந்தி பற்றிய பெரும்பூசல் ஒன்று எழுந்தது. விடுதலை வீரர் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்திற்குப் பொதுமக்களும் காங்கிரசும் பொருளுதவி செய்திருந்தனர். அங்கு இரு பார்ப்பனச் சிறுவர்க்குத் தனியாக உணவளிக்கப்பட்டது. பெற்றோரின் வேண்டுகோளின்படி அவ்வாறு செய்ததாக விளக்கம் தரப்பட்டது. பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப்பந்தி ஏன் என்று வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டனர். தன் விருப்பப்படி உண்ணும் உரிமை தனிமனிதனுக்கு உண்டு என்பது ஒரு வாதம். அவ்விருப்பம் அருகில் இருப்பவனை இழிவுபடுத்தும்போது அதற்குப் பொதுப்பணம் துணைபோகலாமா என்பது எதிர்வாதம். இரண்டாவது வாதமே வலிமையுடையது என்பதில் ஐயமில்லை. எனினும் முதல் வாதத்தை முன்வைத்தோர் அனைவரும் தீயோர் என்று கருதவேண்டியதில்லை. பழக்கத்தை அறமென்று நம்பியோர் அவர்கள். பூசல் முற்றுப்பெறும் முன்பே, 1925 சூன் திங்களில், பாபநாசம் அருவியில் சிக்கிய மகளைக் காக்கச் சென்ற ஐயர் உயிரிழந்தார். அவ்வாண்டின் இறுதியில் பெரியார் காங்கிரசை விட்டு விலகினார்.

சேரன்மாதேவியில் கிளர்ச்சியாக வெடித்த வினா, தஞ்சையில் மாவட்டக் கழகத்தின் தீர்மானமாக அமைதியாய் முடிந்தது. தமிழக வரலாற்றை எழுதுவோர் முன்னதையே விரிவாக எழுதுகின்றனர். பின்னதும் விரிவாக எழுதத்தக்கதே.

கடல் கடந்த நாட்டிலும் இவ்வினா எழுந்தது. அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தில், கருப்பின மக்கள் வாக்காளராகப் பதிவுசெய்ய முன்வந்ததற்காக, 1962ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஒரு மாவட்டம் அவர்களுக்குரிய அரசின் உணவுப்பொருள் வழங்கலை நிறுத்திவிட்டது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பு, 1960 பிப்பிரவரி முதல் நாளில், கிரீன்சுபரோ நகரக் கடையொன்றின் உணவு மேசையில் கருப்பின மாணவர் நால்வர் அமர்ந்து, தங்களுக்கு உணவு மறுக்கப்பட்ட பின்னும் எழாமல் இருந்தனர். பருத்தித் தோட்டக் கூலியாளாக வாழ்ந்த ஃபேனி லூ ஹேமர் என்னும் அம்மையார், தம் மக்கள் எதை விளைவிப்பது, எதை உண்பது என்பதைத் தாங்களே முடிவு செய்யவேண்டும் என்று கருதி, 1960களின் இறுதியில் மிசிசிப்பியில் கூட்டுப் பண்ணை ஒன்றை அமைத்தார். காய்கறியும் அவரையும் விளைந்தன. குடும்பங்களுக்குப் பன்றிகளை வளர்ப்புக்குக் கொடுத்து, ஈன்ற குட்டிகளில் சிலவற்றைத் திரும்பப் பெற்று வேறு குடும்பங்களுக்கு வழங்கினர். பசியைக் கருவியாக்கி ஒரு மக்களை அடக்கலாம் என்பதை அறிந்தோர், உணவைத் தம் கையில் வைத்துக்கொள்ள முனைந்தனர். ஒரத்தநாட்டு விடுதியின் வாயில் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னதாகத் திறந்தது.

எல்லைகள்

பன்னீர்செல்வம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார் என்று கூறுவது உண்மைக்குப் புறம்பாகும். விடுதியின் வாயிலைத் திறப்பது ஒன்று; பந்தியில் மனவேறுபாட்டை அகற்றுவது மற்றொன்று. தென்னகப் புகைவண்டி நிலைய உணவகங்களில் பார்ப்பனர்க்கும் பிறர்க்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் முறை 1941வரை நீடித்தது. சத்திர நிலங்களிலும் பிற பண்ணைகளிலும் உழைத்த பண்ணையாள்களின் நெற்கூலியைக் குறித்த போராட்டம் 1940களில்தான் வலுப்பெற்றது. அதனை முன்னெடுத்தோர் வேறு தலைவர்கள். நிலக்கிழார்கள் செல்வாக்குப் பெற்றிருந்த கட்சி நீதிக்கட்சி. அதன் எல்லை இவருடைய எல்லையுமாக இருந்தது.

அவருடைய பொதுவாழ்வு மேலும் உயர்ந்தது. இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறித்தவர்களின் சார்பாளராகக் கலந்துகொண்டார். சென்னை மாநில ஆட்சியில் பொறுப்புகளை வகித்தார்; 1937இல் கூர்ம வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் அமைச்சரானார். 1938இல் ஆங்கிலேய அரசு சர் பட்டம் வழங்கியது. அவ்வாண்டில்தான் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்துத் தமிழகம் கிளர்ந்தெழுந்தது. பட்டுக்கோட்டை அழகிரிசாமி தலைமையில் திருச்சியிலிருந்து சென்னைக்குத் தமிழர் பெரும்படை நடந்தது. வழிநெடுகிலும் ஊரார் அவர்களுக்குச் சோறிட்டனர். சட்டமன்றத்தில் பன்னீர்செல்வம் எதிர்ப்புக் குரல் எழுப்பினார். என்ன உண்பது என்பதைப் போலவே எம்மொழியில் பயில்வது என்பதையும் அம்மக்களே முடிவு செய்யவேண்டும் என்ற நிலைப்பாடு அது. ஆண்டின் இறுதியில் நீதிக்கட்சி மாநாடு, சிறையிலிருந்த பெரியாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவருடைய தலைமையுரையை மாநாட்டில் படித்தவர் பன்னீர்செல்வம். தமக்கு அணிவித்த மாலையை அவர் பெரியாரின் படத்திற்குச் சூட்டினார்.

இந்தியா பற்றிய அமைச்சருக்கு ஆலோசகராக நியமிக்கப்பட்டு, 1940ஆம் ஆண்டு அவர் இலண்டனுக்குப் புறப்பட்டார். உலகப்போர் மூண்டிருந்த நேரம். அவர் பயணம் செய்த அனிபால் என்னும் வானூர்தி, மார்ச்சு முதல் நாளன்று ஓமன் வளைகுடாவின் மேல் பறந்துகொண்டிருந்தபோது காணாமற்போயிற்று. அதில் இருந்த எண்மரும் மறைந்தனர். கடலில் நெடுந்தொலைவு தேடியும் வானூர்தியோ உடல்களோ கிடைக்கவில்லை. அவருக்கு அப்போது வயது 51. அவருக்குக் கல்லறை இல்லை. ஈரோட்டு நகரின் நடுவே பன்னீர்செல்வம் பூங்கா என்று அவர் பெயரால் ஓரிடம் இருக்கிறது.