ஓட்டோ வாலாக்

ஓட்டோ வாலாக் (மார்ச் 27, 1847 - பெப்ரவரி 26, 1931) ஒரு செருமானிய வேதியியலாளர் ஆவார். செடிகொடிகளின் நறுமண எண்ணெய்களில் உள்ள டெர்ப்பீன்கள் என்னும் சேர்மங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து இனங்கண்டவர். அலிவளையச் சேர்மங்களைப் பற்றிய முன்னோடிப் பணிக்காக 1910 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. எலுமிச்சைத் தோல், பைன் மரப் பிசின், கஞ்சா போன்றவற்றின் மணத்துக்கு எந்தப் பொருள் காரணம் என்று ஆராய்வதற்கு இவரது பணி அடித்தளமாக அமைந்தது.

இளமையும் கல்வியும்

வாலாக், பிரசியாவின் கோனிக்சுபெர்க் நகரில் பிறந்தார். இந்நகரம் தற்போது கலினின்கிராட் என்ற பெயரில் உருசியாவில் உள்ளது. தந்தை அரசு அதிகாரி. அவரது பணியிட மாற்றங்களால் குடும்பம் இசுடெட்டினுக்கும் பின்னர் போட்சுடாமுக்கும் குடிபெயர்ந்தது. பள்ளிப் பருவத்தில் இலக்கியத்திலும் கலை வரலாற்றிலும் நாட்டம் கொண்டிருந்த வாலாக், வீட்டிலேயே சிறு வேதிச் சோதனைகளையும் செய்து வந்தார்.

1867 இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வோலரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கு மாலை 5 மணிக்கு எரிவளி நிறுத்தப்பட்டுவிடும். அதன் பிறகும் வேலை செய்ய விரும்புவோர் தம் காசில் மெழுகுதிரி வாங்கிக்கொள்ள வேண்டும். வாலாக் 1869 இலேயே முனைவர் பட்டம் பெற்றார். 1870 இல் பான் நகரில் கெக்குலேயிடம் பணியாற்றச் சென்றார். போர்ச் சேவையின் பின் பெர்லினில் ஒரு சாயத் தொழிற்சாலையில் சேர்ந்தபோதும், அங்கிருந்த நச்சுப் புகை அவரது மெலிந்த உடலுக்கு ஒவ்வவில்லை. எனவே 1872 இல் பான் நகருக்கே திரும்பினார்.

டெர்ப்பீன் ஆய்வு

வாலாக் டெர்ப்பீன்களைத் தாமே தேடிச் செல்லவில்லை. 1879 இல் மருந்தாக்கவியல் கற்பிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அது அவருடைய துறை அன்று. பாடத்துக்காக மருந்துச் சரக்குகளைப் படிக்க வேண்டியிருந்தபோது, கெக்குலேயின் அலமாரியில் நெடுங்காலமாகத் திறக்கப்படாமல் கிடந்த நறுமண எண்ணெய்ப் புட்டிகள் அவர் கண்ணில் பட்டன. அவற்றை ஆராய அனுமதி கேட்டுப் பெற்றார். கெக்குலே அதனால் பயன் விளையும் என்று நம்பவில்லை எனச் சொல்லப்படுகிறது.

அந்த ஐயம் காரணமற்றதன்று. அக்காலத்தில் எந்தத் தாவரத்திலிருந்து எண்ணெய் எடுத்தார்களோ அதன் பெயரால் ஒரு புதுச் சேர்மத்துக்கும் பெயர் சூட்டினர். எலுமிச்சையில் சிட்ரீன், ஆரஞ்சில் எசுபெரிடீன், சீமைச் சோம்பில் கார்வீன் என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. எல்லாவற்றிலும் 10 கரிம அணுக்களும் 16 ஐதரசன் அணுக்களுமே இருந்தன. கொதிநிலைகளும் நெருங்கியிருந்ததால் காய்ச்சி வடித்தல் மட்டும் போதவில்லை. மூக்கை நம்பிப் பெயரிடுவதற்கு மேல் வேறு வழி அப்போது இருக்கவில்லை.

வாலாக் கையாண்ட வழி எளிது, ஆனால் மிகுந்த பொறுமை வேண்டுவது. ஒவ்வொரு எண்ணெயையும் ஐதரசன் குளோரைடு, புரோமின், நைட்ரோசில் குளோரைடு ஆகியவற்றுடன் வினைபுரியச் செய்து, நீர்மத்தைப் படிகமாக்கினார். படிகத்தைத் தூய்மைப்படுத்தலாம், அதன் உருகுநிலையை அளக்கலாம், மற்றொன்றுடன் ஒப்பிடலாம். 1884 முதல் வெளிவந்த அவரது கட்டுரைகள் பெயர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே சென்றன. சிட்ரீன், எசுபெரிடீன், கார்வீன் மூன்றும் லிமோனீன் என்னும் ஒரே பொருள் எனத் தெரிந்தது. தனிப்பொருளாகக் கருதப்பட்ட டைபென்டீன், வலப்பக்கம் ஒளியைத் திருப்பும் லிமோனீனும் இடப்பக்கம் திருப்பும் லிமோனீனும் சம அளவில் கலந்தது என்பதையும் அவர் காட்டினார். 5 கரிம அணுக்கள் கொண்ட ஐசோபிரீன் அலகுகளால் ஆனவையாக டெர்ப்பீன்களைக் காணலாம் என்ற கருத்தும் இவருடன் தொடர்புபடுத்தப்படுகிறது. அதை விதியாக வளர்த்தெடுத்தவர் இருசிக்கா.

எல்லாம் அவர் கையில் முடிந்துவிடவில்லை. பைனீனின் சரியான கட்டமைப்பை 1894 இல் முன்வைத்தவர் வாக்னர். வாலாக் ஏற்றிருந்த சில்வெசுட்ரீன் என்னும் டெர்ப்பீன், சோதனையின்போது ஐதரசன் குளோரைடால் உண்டாவது என்பது பின்னாளில் தெரியவந்தது. மூல எண்ணெயில் இருந்தது காரீன் என்னும் வேறொரு பொருள். அதை இந்தியப் பைன் மர எண்ணெயிலிருந்து பிரித்தவர், 1910 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த சைமன்சென்.

கோட்டிங்கனில்

1889 இல் வாலாக் கோட்டிங்கன் வேதியியல் நிறுவனத்தின் இயக்குநரானார். தம் ஆய்வுகளைத் தொகுத்து 1909 இல் டெர்ப்பீன்களும் கற்பூரமும் பற்றிய பெருநூலை வெளியிட்டு, அதைத் தம் மாணவர்களுக்கு உரித்தாக்கினார். 1937 இல் நோபல் பரிசு பெற்ற நார்மன் ஆவர்த்து அம்மாணவர்களுள் ஒருவர். 1912 இல் வாலாக்கிற்கு டேவி பதக்கம் கிடைத்தது. முதல் உலகப் போரில் அவரது உதவியாளர்கள் 6 பேர் உயிரிழந்தனர். 1915 இல் அவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளாத வாலாக், தம் 83 ஆம் வயதில் கோட்டிங்கனில் காலமானார்.

கஞ்சாவின் டெர்ப்பீன்கள்

வாலாக் கஞ்சாவுக்காக அறியப்பட்டவர் அல்லர். எனினும் அச்செடியின் மணம் அவர் ஆராய்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. மேலே குறிப்பிட்ட சைமன்சென் 1942 இல் டாட் என்பவருடன் சேர்ந்து எகிப்திய ஆசிசின் எண்ணெயை ஆராய்ந்தார். இன்று கஞ்சாவில் மிர்சீன், லிமோனீன், பைனீன், டெர்ப்பினோலீன், லினலூல், காரியோபிலீன் முதலியவை அறியப்பட்டுள்ளன. போதை தரும் டி.எச்.சி. மூலக்கூறின் ஒரு பகுதியும் டெர்ப்பீன் உருவாகும் வழியிலேயே செடிக்குள் உருவாகிறது.

இவை கஞ்சா வகைகளின் விளைவை எந்த அளவுக்கு மாற்றுகின்றன என்பது விவாதத்துக்குரியது. மிளகிலும் கிராம்பிலும் உள்ள காரியோபிலீன், உடலின் சி.பி.2 ஏற்பியுடன் பிணைகிறது என 2008 இல் காட்டப்பட்டது. டெர்ப்பீன்கள் டி.எச்.சி.யுடன் கூடிச் செயற்படலாம் என்னும் கருத்தை இரூசோ 2011 இல் விரிவாக எழுதினார். இதற்கு வழங்கும் பரிவார விளைவு என்ற பெயர், 1998 இல் உடலிலேயே சுரக்கும் வேறு பொருள்களைக் குறிக்க உண்டாக்கப்பட்டது. 2019 இல் உயிரணுக்களில் நடந்த ஆய்வில், பொதுவான டெர்ப்பீன்கள் டி.எச்.சி.யின் செயலை மாற்றவில்லை. 2021 இல் எலிகளில் நடந்த ஆய்வு மாறான முடிவைத் தந்தது. 2024 இல் வெளியான சிறிய மனித ஆய்வொன்றில், 30 மில்லிகிராம் டி.எச்.சி.யுடன் 15 மில்லிகிராம் லிமோனீனை ஆவியாக உள்ளிழுத்தவர்களிடம் பதற்றம் குறைந்தது.

விற்பனைப் பெயர்களை நம்ப முடியாது. இண்டிகா, சாட்டிவா என்னும் முத்திரைகள் செடியின் மரபுவழி உறவைச் சரிவரக் காட்டவில்லை என்றும், மிர்சீன் போன்ற சில டெர்ப்பீன்களின் அளவுடனே பொருந்துகின்றன என்றும் 2021 இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இங்கும் மூக்குதான் பெயர் சூட்டியிருக்கிறது. மேலும் எளிதில் ஆவியாகும் டெர்ப்பீன்கள் உலர்த்தும்போதும் சேமிக்கும்போதும் குறைவதால், ஒரே செடியின் பூ சில மாதங்களில் வேறு மணம் தரும்.