இராமானுஜனும் 32 ரூபாயும்

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும், மறையூர், வட்டவடை, பீர்மேடு ஆகிய மலையூர்களிலும், பாலக்காட்டு எல்லையில் உள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் காலத்தில் அவ்வீடுகளில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டுவது? விடுதிச் செலவுக்கு என்ன செய்வது? நகையை அடகு வைப்பதா, வங்கியில் கடன் பெறுவதா, பிள்ளை ஓராண்டு வேலைக்குச் சென்று பொருள் சேர்த்தபின் படிப்பதா? பெற்றோரின் கடமை பள்ளியோடு முடிகிறதா, கல்லூரி வரை நீள்கிறதா?

இக்கேள்வி புதியதன்று. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், கும்பகோணத்தில் ஓர் எளிய வீட்டிலும் இதே கேள்வி எழுந்தது. அவ்வீட்டுப் பிள்ளையே பின்னாளில் உலகம் போற்றிய கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

பிறப்பும் குடும்பமும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், தாயின் பிறந்தகமான ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கராகப் பணிபுரிந்தார். அவருக்குக் கிடைத்த மாதச் சம்பளம் ஏறத்தாழ 20 ரூபாய். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடிச் சிறு தொகை ஈட்டினார். அதுவும் போதாமையால், வெளியூரிலிருந்து கும்பகோணம் கல்லூரிக்குப் படிக்க வந்த மாணவர்களை வீட்டில் தங்கவைத்து உணவளித்தனர். அம்மாணவர்களிடமே சிறுவன் இராமானுஜன் தன் வயதுக்கு மீறிய கணக்குகளைக் கேட்டுக் கற்றான்.

அவ்வீட்டில் பொருள் குறைவு. பிள்ளையின் படிப்பின்மீது அக்கறை மிகுதி. பள்ளிப் பருவத்தில் அவனை வேலைக்கு அனுப்பி வருவாய் தேட அவர்கள் எண்ணவில்லை.

பாதிக் கட்டணச் சலுகை

1897ஆம் ஆண்டு நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் இராமானுஜன் தஞ்சை மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். அதன் பயனாகக் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பாதிக் கட்டணம் செலுத்திப் படிக்கும் சலுகை கிடைத்தது. மீதிப் பாதியைப் பெற்றோர் கட்டினர். மகனின் முயற்சியும் பெற்றோரின் உழைப்பும் இவ்வாறு ஆளுக்குப் பாதியாகப் பள்ளிப் படிப்பைத் தாங்கின.

பள்ளியில் கணிதத்தில் அவருக்கு நிகராக ஒருவரும் இலர். மேல்வகுப்பு மாணவரும் அவரிடம் ஐயம் கேட்டு வந்தனர். 1903ஆம் ஆண்டு, கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அந்நூலில் நிரல்பட எழுதப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் இல்லை. ஒவ்வொன்றையும் தாமே மெய்ப்பித்துப் பார்க்கத் தொடங்கிய இராமானுஜன், கணிதத்தைத் தவிர வேறெதையும் நினையாதவரானார். பள்ளிப் படிப்பு முடிந்தபோது கணிதத்திற்கான பரிசும் அவருக்கு வழங்கப்பட்டது.

உதவித்தொகை பறிபோதல்

1904ஆம் ஆண்டு இராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் சிறந்த மாணவருக்குரிய சுப்பிரமணியம் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. எஃப்.ஏ. என்பது இக்காலப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இணையான ஈராண்டுப் படிப்பு. அன்று பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. ஆகவே பாலக்காடு விக்டோரியா கல்லூரி மாணவரும் கும்பகோணம் மாணவரும் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய அதே தேர்வையே எழுதினர். கணிதத்தில் மட்டும் சிறந்து விளங்கினால் போதாது. ஆங்கிலம், வரலாறு, உடலியல் முதலிய பாடங்கள் அனைத்திலும் தேற வேண்டும் என்பது விதி.

இராமானுஜனால் அவ்விதிக்குள் அடங்க இயலவில்லை. பிற பாடங்கள் நடக்கும் வேளையிலும் அவர் உள்ளம் எண்களிலேயே திளைத்தது. ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் அவர் தேறவில்லை. உதவித்தொகை நிறுத்தப்பட்டது.

அக்கல்லூரியில் ஒரு பருவத்திற்கு 32 ரூபாய் கட்டணம். அது தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளத்தைவிட அதிகம். கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரை நேரில் கண்டு, கணிதத்தில் தம் மகனுக்கு இணையான மாணவர் உண்டா என வினவி, உதவித்தொகையைத் திரும்ப அளிக்குமாறு வேண்டினார். முதல்வர் மரியாதையுடன் கேட்டுக்கொண்டார். ஆயினும் விதியை மாற்ற அவர் இசையவில்லை.

கட்டணத்தைக் கட்டப் பெற்றோர்க்கு வழியில்லை. உதவித்தொகையை இழந்த வருத்தமும் நாணமும் மகனை வாட்டின. சில திங்கள் வகுப்புக்குச் சென்றுவந்த இராமானுஜன், 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வீட்டாரிடம் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பெற்றோர் கலங்கித் தேடினர். செய்தித்தாளிலும் அறிவிப்பு வெளியாயிற்று. சில வாரங்களுக்குப் பின் அவர் வீடு திரும்பினார்.

சென்னையில் மற்றொரு முயற்சி

மகன் ஒருமுறை தவறினான் என்பதற்காகக் குடும்பம் அவனைக் கைவிட்டுவிடவில்லை. 1906ஆம் ஆண்டு இராமானுஜன் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1794ஆம் ஆண்டு மறைந்த வள்ளல் பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறச்செல்வத்திலிருந்து உருவானது அக்கல்லூரி. அங்கிருந்த கணித ஆசிரியர் இராமானுஜனின் குறிப்பேடுகளைக் கண்டு வியந்து அவரை முதல்வரிடம் அழைத்துச் சென்றார். கட்டணத்தின் ஒரு பகுதிக்கு உதவித்தொகை கிடைத்தது. தங்குவதற்குப் பாட்டியின் வீடு இருந்தது.

இம்முறையும் வெற்றி கிட்டவில்லை. உடல்நலம் குன்றி இடையில் ஊர் திரும்ப நேர்ந்தது. 1906ஆம் ஆண்டு எழுதிய எஃப்.ஏ. தேர்விலும், 1907இல் தனித்தேர்வராக எழுதிய தேர்விலும் அவர் தோல்வியுற்றார். பட்டம் இல்லை, பட்டமின்றி வேலையும் இல்லை. இக்கால நோக்கில் எண்ணினால், இருபது வயது இளைஞர் ஒருவரின் எதிர்காலம் அத்துடன் மூடிவிட்டதாகவே தோன்றும்.

அவ்வாண்டுகளில் இராமானுஜனுக்குச் சோறிட்டது அவருடைய வீடே. வருவாய் ஏதுமின்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகனைப் பெற்றோர் பொறுத்துக்கொண்டனர். தாள் வாங்கப் பொருள் போதாமையால் அவர் பெரும்பாலும் கற்பலகையிலேயே கணக்கிட்டார். முழங்கையால் அழித்து மீண்டும் எழுதினார். முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதித்தார். எழுதிய தாளின்மீதே சிவப்பு மையால் மீண்டும் எழுதியதும் உண்டு.

பிறர் நீட்டிய கைகள்

1909ஆம் ஆண்டு இராமானுஜனுக்கும் ஜானகிக்கும் திருமணம் நடந்தது. இனி வேலை தேடியாக வேண்டும் என்ற நிலையில் 1910ஆம் ஆண்டு அவர் திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்குத் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்த அவர், இத்தகைய அறிவைச் சிற்றூர் அலுவலக எழுத்தர் வேலையில் முடக்கலாகாது எனக் கருதிச் சென்னையிலிருந்த கணித அறிஞர்களிடம் அவரை அனுப்பினார்.

நெல்லூர் மாவட்ட ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவ், தம் சொந்தப் பொருளிலிருந்து மாதம் 25 ரூபாய் வழங்கினார். நெடுநாள் பிறர் பொருளில் வாழ விரும்பாத இராமானுஜன், 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கும்பகோணம் கல்லூரியின் ஒரு பருவக் கட்டணத்தைவிட இது 2 ரூபாய் குறைவு.

1913ஆம் ஆண்டு சனவரியில் அவர் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஜி.எச். ஹார்டிக்குத் தம் தேற்றங்களை மடலில் எழுதி அனுப்பினார். அவற்றின் அருமையை ஹார்டி உணர்ந்தார். அதே ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது அத்தொகை. எஃப்.ஏ. தேர்விலும் தேறாத ஒருவருக்காக அன்று விதி நெகிழ்ந்தது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆய்வறிக்கை அளிப்பதே அவர்மீது விதிக்கப்பட்ட கடமை. கல்லூரிக் கட்டணமின்றிக் கற்பதற்கு ஒருவருக்குத் தேவையான அமைதி, இருபத்தைந்தாம் வயதில்தான் இராமானுஜனுக்குக் கிட்டியது.

கடல் கடந்த புகழ்

1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் இராமானுஜன் சென்னையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்றார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. அதில் ஒரு பகுதி மாதந்தோறும் பெற்றோர்க்குச் சேருமாறு அவர் ஏற்பாடு செய்திருந்தார். 1916ஆம் ஆண்டு கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் ஆய்வின் அடிப்படையில் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது. 1918ஆம் ஆண்டு இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் ஆய்வறிஞராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பதினெட்டாம் வயது முதல் இருபத்தைந்தாம் வயது வரையிலான காலம் ஒரு கணித அறிஞரின் வளர்ச்சிக்கு மிக இன்றியமையாதது என ஹார்டி கருதினார். அவ்வாண்டுகளை இராமானுஜன் நல்லாசிரியரும் நூல்களும் இன்றிக் கழிக்க நேர்ந்ததை எண்ணி அவர் பெரிதும் வருந்தினார். பறிபோன உதவித்தொகையின் உண்மையான விலை அவ்வாண்டுகளே.

ஒரு மடலும் அதன் வேண்டுகோளும்

இங்கிலாந்தின் குளிரும், போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், ஓயா உழைப்பும் இராமானுஜனின் உடலைச் சிதைத்தன. அவர் நோயுற்றிருந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகம் மேலும் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தது. அச்செய்தியைப் பெற்ற இராமானுஜன், 1919ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு மடல் எழுதினார்.

தாய்நாடு திரும்பியபின் அத்தொகை முழுவதும் தமக்குத் தேவைப்படாது என அதில் தெரிவித்தார். தம் செலவுக்குரியது போக, ஆண்டுதோறும் 50 பவுன் பெற்றோர்க்கு அளிக்குமாறு கேட்டுக்கொண்டார். எஞ்சும் தொகையை ஏழைச் சிறுவர்களும் பெற்றோரை இழந்த சிறுவர்களும் செலுத்தும் பள்ளிக் கட்டணத்தைக் குறைப்பதற்கும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்குவதற்கும் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள்.

பாதிக் கட்டணச் சலுகையில் படித்தவர். 32 ரூபாய் இன்றிக் கல்லூரியை இழந்தவர். தாளுக்கு மாற்றாகக் கற்பலகையைப் பயன்படுத்தியவர். நோய்ப் படுக்கையிலும் அவர் நினைவுக்கு வந்தவை கட்டணமும் நூலும். தம்மை வளர்த்த பெற்றோருக்கும், தாம் அறியாத ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒரே மடலில் அவர் பங்கு பிரித்தார்.

1919ஆம் ஆண்டு இந்தியா திரும்பிய இராமானுஜன், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில் சென்னையில் காலமானார். அவருடைய மனைவி ஜானகி அம்மாள் தையற்கலை கற்றுத் தம் உழைப்பால் வாழ்ந்தார். தாயை இழந்த சிறுவன் ஒருவனைத் தம் மகனாக ஏற்று வளர்த்துப் படிக்க வைத்தார். 1994ஆம் ஆண்டு வரை வாழ்ந்த அவ்வம்மையார், தம் கணவரின் வேண்டுகோளைத் தம் வீட்டிலேயே நிறைவேற்றினார்.

வாழ்க்கை உணர்த்துவது

பிள்ளையின் கல்விக்குப் பொருள் தருவது பெற்றோரின் அன்புக் கடமை. இராமானுஜனின் பெற்றோர் தம்மால் இயன்றதைத் தந்தனர். இயலாத இடத்திலும் உணவும் பொறுமையும் தந்தனர். பெற்றோரின் கை எட்டாத இடத்தில் பாதிக் கட்டணச் சலுகை, வள்ளலின் அறக்கொடை, அதிகாரியின் உதவி, பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை ஆகியவை துணை நின்றன. கிடைத்த உதவித்தொகையைக் காத்துக்கொள்வது மாணவரின் பங்கு. அதனைத் தவறவிட்டதால் நேர்ந்த துன்பத்தை இராமானுஜனைப் போல் அறிந்தவர் இலர். படித்து உயர்ந்தபின், பெற்றதில் ஒரு பகுதியை அடுத்த பிள்ளையின் கல்விக்கு அளிப்பதும் அக்கடமையைச் சேர்ந்ததே.

அருஞ்சொற்பொருள்

பிறந்தகம் – தாய்வீடு
நிரல்பட – வரிசையாக
தேற்றம் – மெய்ப்பிக்கப்பட்ட கணித உண்மை
திளைத்தல் – மகிழ்ந்து மூழ்குதல்
நாணம் – வெட்கம்
அறக்கொடை – பொதுநன்மைக்காக அளிக்கப்படும் பொருள்
நெகிழ்தல் – தளர்தல்

பயிற்சி

1. இராமானுஜனுக்குப் பாதிக் கட்டணச் சலுகை எவ்வாறு கிடைத்தது?
2. சுப்பிரமணியம் உதவித்தொகையை அவர் இழந்ததற்குக் காரணம் யாது?
3. தந்தையின் மாதச் சம்பளம், கல்லூரியின் பருவக் கட்டணம், துறைமுகச் சம்பளம் ஆகியவற்றை ஒப்பிட்டு ஐந்து வரிகளில் எழுதுக.
4. 1919ஆம் ஆண்டு மடலில் இராமானுஜன் விடுத்த வேண்டுகோளை உம் சொந்த நடையில் எழுதுக.
5. பிரித்து எழுதுக: பாதியாகப்பெற்றார், அவ்வாண்டுகள், கற்பலகை, அறச்செல்வம்.
6. சொற்போர்: கல்லூரிக் கல்விச் செலவை ஏற்க வேண்டியவர் பெற்றோரா, பிள்ளையா, அரசா? வகுப்பில் மூன்று அணியாகப் பிரிந்து வாதிடுக.
7. செயல்பாடு: உம் பள்ளி மாணவர்க்குக் கிடைக்கும் உதவித்தொகைகள் எவை, விண்ணப்பிக்கும் முறை யாது என ஆசிரியரிடம் கேட்டறிந்து, வீட்டில் பெற்றோர்க்குப் படித்துக் காட்டுக.