வால் ஸ்ட்ரீட்டுக்குக் கடிவாளம் போட்ட பேராசிரியர்... வரிக் கணக்கில் சறுக்கிய கதை!

ஐ.பி.ஓ-வுக்கு போன்லயே அப்ளை பண்றீங்கல்ல... அப்போ 'ப்ராஸ்பெக்டஸ்'னு நூத்துக்கணக்கான பக்கத்துல ஒரு பி.டி.எஃப் இருக்குமே, அதை என்னைக்காவது திறந்து பார்த்திருக்கீங்களா? கம்பெனியோட கடன், வழக்கு, ரிஸ்க் எல்லாம் அதுல இருக்கும். அமெரிக்காவில் அப்படி எல்லாத்தையும் சொல்லியே ஆகணும்னு நாடு முழுமைக்கும் சட்டம் எழுதியவர்களில் ஒருவர், ஜேம்ஸ் லாண்டிஸ்.

1899-ல் டோக்கியோவில் பிறந்தவர். பெற்றோர் கிறிஸ்தவ மிஷனரிகள். படிப்பில் படு கெட்டி. 30 வயசுக்கு முன்னாடியே ஹார்வர்டில் சட்டப் பேராசிரியர்!

1929-ல் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1932-க்குள் டௌ ஜோன்ஸ் குறியீடு கிட்டத்தட்ட 90 சதவிகிதம் காலி. சேமிப்பையெல்லாம் பங்குகளில் போட்டவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அதிபராக வந்த ரூஸ்வெல்ட்டுக்கு அவசரமாக ஒரு சட்டம் தேவைப்பட்டது. முதலில் எழுதிய வரைவு தேறவில்லை. 1933 ஏப்ரலில், ஹார்வர்டின் இன்னொரு பேராசிரியர் பிராங்க்ஃபர்ட்டர், லாண்டிஸை வாஷிங்டனுக்குக் கூட்டிட்டுப் போனார். ஒரு வார இறுதியோட வேலை முடிஞ்சிடும்னுதான் ரெண்டு பேரும் நினைச்சாங்க. முடியலை. பெஞ்சமின் கோஹன், தாமஸ் கார்கரன் என்ற ரெண்டு வக்கீல்களோடு உட்கார்ந்து, இங்கிலாந்தின் கம்பெனிச் சட்டத்தை முன்மாதிரியாக வைத்து எழுதினார்கள். மே 27-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்தே போட்டுவிட்டார்.

அந்தச் சட்டத்தில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. இது நல்ல பங்கு, இது மோசமான பங்குன்னு அரசாங்கம் சொல்லாது. உண்மையை முழுசா எழுதிக் கொடுத்துட்டு, மட்டமான பங்கைக்கூட விற்கலாம். ஆனா பொய் சொன்னாலோ, முக்கியமானதை மறைச்சாலோ, கையெழுத்து போட்ட டைரக்டர்கள் மேலேயே முதலீட்டாளர் வழக்கு போடலாம். வால் ஸ்ட்ரீட் பதறியது அதுக்குத்தான்.

அடுத்த வருஷம் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் எஸ்.இ.சி உருவானது. முதல் தலைவர் ஜோசப் கென்னடி, பங்குச்சந்தையில் விளையாடியே பணக்காரர் ஆனவர்! இரண்டாவது தலைவர் லாண்டிஸ். அந்த நாற்காலியிலிருந்து நேராக ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் டீன் பதவி. அப்போ வயசு 37.

அதுக்கப்புறம் சறுக்கல். விமானப் போக்குவரத்து வாரியத் தலைவர் பதவியில் ட்ரூமன் அவரைத் தொடர விடவில்லை. கென்னடி குடும்பத்துக்காக வேலை பார்த்தார். குடிப்பழக்கமும் கூடியது. 1960-ல், அதிபராகத் தேர்வாகியிருந்த ஜான் கென்னடிக்காக, அரசின் ஒழுங்குமுறை அமைப்புகளில் நடக்கும் தாமதத்தைப் பிரித்து மேய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார்.

இங்கேதான் கதை திரும்புது. 1956 முதல் 1960 வரை, அஞ்சு வருஷத்துக்கு அவர் வருமான வரிக் கணக்கையே தாக்கல் செய்யவில்லை. காசில்லாமல் இல்லை. பிறகு பாக்கியைக் கட்டியும்விட்டார். மத்தவங்க கணக்கை உரிய நேரத்துல வாங்கிச் சரிபார்த்த மனுஷன், தன்னோட கணக்கைத் தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்திருக்கார். பணத்தாசைன்னு இதைச் சொல்லிட முடியாது. ஆனா சட்டத்துக்கு அது குற்றம்தான்.

1963-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வெள்ளை மாளிகையில் ஜான் கென்னடி, சட்டத்துறையில் அவர் தம்பி ராபர்ட். ரெண்டு பேரும் லாண்டிஸ் நல்லா அறிஞ்ச வீட்டுப் பிள்ளைகள். அப்படியும் 30 நாள் தண்டனை. உடல்நிலை காரணமாக அதில் பெரும்பகுதியை மருத்துவமனையில் கழித்தார்.

1964 ஜூலையில், ஓராண்டு வக்கீல் தொழில் செய்யக் கூடாதுன்னு கோர்ட் உத்தரவு. அதே மாதம் 30-ம் தேதி, நியூயார்க் அருகே தன் வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். வயது 64.