எண்களைக் காத்த தாடிக்காரர்

குட்டீஸ், உங்கள் நண்பன் வீடு மாறிப் போய்விட்டான். புது முகவரியைச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பும் பொங்கல் வாழ்த்து எங்கே போகும்? பழைய வீட்டுக்குத்தான்!

இன்டர்நெட்டிலும் இதே தொல்லை உண்டு. அங்கே ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்தான் முகவரி. அதை ஐ.பி. முகவரி என்பார்கள். கடையில் மாட்டியிருக்கும் கேமராவைச் சென்றடையவும் அப்படி ஓர் எண் வேண்டும். பல இடங்களில் இந்த எண் அடிக்கடி மாறிவிடும். ஆனாலும் கடைக்காரர் வெளியூரில் இருந்தபடியே செல்போனில் தன் கடையைப் பார்க்கிறாரே, எப்படி? இதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஜான் போஸ்டல்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1943 ஆகஸ்ட் 6-ல் பிறந்தவர் இவர். நீண்ட தாடி, காலில் சாதாரண செருப்பு. மலையேறுவது என்றால் உயிர். பார்த்தால் கம்ப்யூட்டர் விஞ்ஞானி என்றே சொல்ல மாட்டீர்கள்!

இன்டர்நெட்டின் முன்னோடியான 'அர்பாநெட்' 1969-ல் தொடங்கியபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தார் போஸ்டல். அந்த ஆண்டு முடியும்போது வலையில் இருந்தவை நான்கே இடங்கள். ஆனால், எந்த எண் யாருக்கு, எதற்கு என்று யாராவது குறித்து வைக்க வேண்டுமே? 1972 மே மாதம் போஸ்டல் ஒரு குறிப்பு எழுதினார். எண்களைக் கொடுக்க ஒரே ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றார். அது நானா என்று கூச்சத்தோடு ஒரு கேள்விக்குறியும் போட்டார். அதன்பின் 26 ஆண்டுகள் அந்த வேலை அவரிடமே இருந்தது.

எண்களை மனிதர்களால் நினைவில் வைக்க முடியாது அல்லவா? அதனால் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பெயர் உண்டு. எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியலை மென்லோ பார்க் என்ற ஊரில் எலிசபெத் ஃபைன்லர் என்பவரின் குழு பராமரித்தது. எண் மாறினால் அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் திருத்துவார்கள். மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அந்தப் பட்டியலை நகல் எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர்கள் நூற்றுக்கணக்கில் பெருகியதும் இந்த ஏற்பாடு திணறிப் போனது. பழைய நகலை வைத்திருப்பவர் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருப்பார்!

இதற்கு வழி தேடச் சொல்லி, பால் மொக்கபெட்ரிஸ் என்ற சக ஆய்வாளரிடம் பொறுப்பைக் கொடுத்தார் போஸ்டல். 1983-ல் பிறந்தது டி.என்.எஸ். என்ற முறை. இதில் ஒரே பெரிய பட்டியல் கிடையாது. அவரவர் பெயர்களை அவரவர் சர்வரில் வைத்துக்கொள்ளலாம். கேட்பவருக்கு எண் கிடைக்கும். கூடவே, இந்தப் பதில் இத்தனை நொடிகளுக்குத்தான் செல்லும் என்ற கெடுவும் வரும். மருந்துப் பாட்டிலில் காலாவதி தேதி போட்டிருக்குமே, அதுபோல! கெடு முடிந்தால் மறுபடி கேட்க வேண்டும். புது எண் தெரிந்துவிடும்.

இன்டர்நெட்டின் விதிமுறைக் குறிப்புகளை எல்லாம் திருத்தி வெளியிட்டவரும் போஸ்டல்தான். அப்படி 1997 ஏப்ரலில் வந்த 2136-ம் எண் குறிப்பு முக்கியமானது. சர்வரில் உள்ள பெயர், எண் விவரத்தை ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டாம், கம்ப்யூட்டரே செய்தி அனுப்பி மாற்றலாம் என்றது அது. கடைக்காரரின் கேமராவும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. கரன்ட் போய் வந்ததும் புது எண் கிடைக்கிறதா? உடனே கேமராவோ, அதோடு இணைந்த ரவுட்டரோ தன் பெயரையும், ரகசியக் கடவுச்சொல்லையும், புது எண்ணையும் சர்வருக்கு அனுப்பும். சர்வர் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதிக்கொள்ளும். கடவுச்சொல் எதற்கு? இல்லாவிட்டால் திருடன்கூட, நான்தான் அந்தக் கேமரா என்று பதிவு செய்துவிடுவானே!

இத்தனை பெயர்களுக்கும் உச்சியில் ஒரு மூலப் பட்டியல் உண்டு. 1998 ஜனவரி 28-ல் போஸ்டல் ஒரு காரியம் செய்தார். அந்தப் பட்டியலின் நகலை வைத்திருந்த 12 சர்வர்களில் எட்டின் பொறுப்பாளர்களுக்கு இ-மெயில் அனுப்பினார். அமெரிக்க அரசின் ஒப்பந்த நிறுவனத்துக்குப் பதிலாக, தன் கம்ப்யூட்டரிலிருந்து நகல் எடுக்கச் சொன்னார். அவர் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை! அவர்களும் மாற்றிவிட்டார்கள். அரசுக்குக் கடும் கோபம். சோதனைக்காகச் செய்தேன் என்று விளக்கம் சொன்னார் போஸ்டல். சில நாளில் எல்லாம் பழையபடி ஆனது. பொதுமக்களுக்கு எந்தத் தடங்கலும் இல்லை. ஆனால், ஒரே மனிதரின் ஓர் இ-மெயிலுக்கு இவ்வளவு சக்தியா என்று பலர் மிரண்டுதான் போனார்கள். மிரள வேண்டிய விஷயம்தானே?

இந்தப் பொறுப்பை ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கும் வேலையில் போஸ்டலும் ஈடுபட்டிருந்தார். 1998 செப்டம்பரில் 'ஐகேன்' என்ற அந்த அமைப்பு உருவானது. அடுத்த மாதமே, அக்டோபர் 16-ல், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் போஸ்டல் இறந்தார். வயது 55தான்.

அவர் படித்த அதே பள்ளியில் படித்தவர் வின்ட் செர்ஃப். இவரும் இன்டர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். போஸ்டலுக்கு அவர் எழுதிய அஞ்சலி, போஸ்டல் இத்தனை ஆண்டுகள் காத்துவந்த அதே குறிப்புகளின் வரிசையில் வெளியானது. அதன் எண் 2468.